வீட்டிலேயே கைவேலைப் பிறந்தநாள்: தோட்டத்து ஊர்ப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எத்தனை பிள்ளைகள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கேக், பலூன், புதுச் சட்டை எல்லாம் அப்புறம். கைவேலை வைத்து நடத்தும் பிறந்தநாளில் ஆள் கணக்கிலிருந்துதான் மற்ற எல்லாம் கிளைக்கும். எத்தனை கத்தரிக்கோல், எத்தனை பாய், உதவிக்கு யார் யார், எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றும் அந்த ஒரு எண்ணைப் பார்த்தே நிற்கிறது.

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய், லூனாஸ் பக்கத்து வீடுகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை, விட்டு வந்தவர்களில் பலர் இப்போது தாமான் எனும் வீடமைப்புப் பகுதியில் ஒற்றை மாடி வீட்டில் இருக்கிறார்கள். முன்னால் ஒரு கார் நிற்கும் அளவுக்குக் கூரை போட்ட இடம், பக்கத்தில் கொஞ்சம் மண், ஒரு துணிக்கொடி. இது போதும். கூலிமுக்கோ சுங்கை பட்டாணிக்கோ போய் மண்டபம் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆள் கணக்கு

4, 5 வயதுப் பிள்ளைகள் என்றால் 8 பேர் சரியான அளவு. 10 வரை சமாளிக்கலாம். 12ஐத் தாண்டினால் கைவேலை போய்ச் சந்தை ஆகிவிடும். 5 வயதுக்குக் கீழே 3 அல்லது 4 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வேண்டும். ஆறேழு வயது என்றால் 5, 6 பேரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, இதெல்லாம் காகிதத்தில். நம் ஊரில் ஒரு பிள்ளையை அழைத்தால் அண்ணனும் வருவான், இடுப்பில் தங்கச்சியும் வருவாள், லீவுக்கு வந்த சித்தி மகனும் வருவான். அழைக்காத பக்கத்து வீட்டுப் பிள்ளை வேலி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். அதைப் போகச் சொல்ல யாருக்கு மனசு வரும்? ஆகவே இந்தப் பழக்கத்தோடு மல்லுக்கு நிற்காமல், நாளை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். காலையில் பிள்ளைகளின் கைவேலை, மாலையில் சொந்தபந்தத்தோடு கேக்கும் சாப்பாடும். அத்தை, மாமா, தாத்தா, பாட்டி எல்லாரையும் மாலைக்கு அழையுங்கள். காலைக்கு எண்ணி 8 பேர். அழைத்த ஒவ்வொரு 4 பேருக்கும் ஒரு கூடுதல் பொருள்தட்டு தயாராக இருக்கட்டும். மிஞ்சினால் மழை நாளில் உங்கள் பிள்ளைக்கே உதவும்.

சமையலும் இரண்டு பங்காகும் என்று தயங்க வேண்டாம். காலைக்குச் சிறு தீனி போதும், பெரிய அடுப்பு மாலைக்குத்தான்.

நாளும் நேரமும்

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். இந்த விஷயம் பேராக்கிலோ சிலாங்கூரிலோ இருந்து வரும் உறவினர்களுக்கு அடிக்கடி மறந்துபோகும். அவர்களுக்குச் சனியும் ஞாயிறும்தான் ஓய்வு. இரு பக்கத்துக்கும் பொதுவான நாள் சனி. வெள்ளி என்றால் நம் வீடுகள் பலவற்றில் சைவம், மலாய் நண்பர்களுக்கு நண்பகல் தொழுகை. நான் சனிக்கிழமைக்கே ஓட்டுப் போடுவேன். பள்ளியில் அன்று ‘மாற்று வகுப்பு’ (வேறு நாள் விட்ட விடுமுறைக்கு ஈடான வகுப்பு) வைத்திருக்கிறார்களா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முஸ்லிம் பிள்ளைகளை அழைப்பதாக இருந்தால் நோன்பு மாதத்துப் பகல் வேளையைத் தவிருங்கள்.

நேரம் காலை 10 முதல் 12.30 வரை. இதற்கு முதல் காரணம் மழை. நம் பக்கம் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் இடியோடு இறங்கும், ஏப்ரல், மே மாதங்களிலும் ஆண்டின் பிற்பகுதியிலும் இன்னும் உறுதியாக. இரண்டாவது, சின்னப் பிள்ளைகளுக்குக் காலையில்தான் பொறுமை அதிகம். மதியத் தூக்கம் தவறிய 4 வயதுப் பிள்ளையின் கையில் பசைக் குப்பியைக் கொடுப்பது யாருக்கும் நல்லதல்ல. பாட்டி நாள்காட்டியைப் பார்த்து ராகு காலம் சொல்வார். கைவேலைக்கு அது தடையில்லை, விளக்கேற்றி கேக் வெட்டுவதை மட்டும் அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளலாம்.

எந்தக் கைவேலை?

ஒன்றே ஒன்று. இணையத்தில் பார்க்கும் படங்களை நம்பி நான்கு மேசை, நான்கு வேலை என்று போட்டால் எந்தப் பிள்ளையும் எதையும் முடிக்காது, நீங்களும் ஓடி ஓடி ஓய்ந்துவிடுவீர்கள். ஒரு முக்கிய வேலை, வந்தவுடன் கை வைக்க ஒரு சின்ன வேலை. அவ்வளவுதான்.

முக்கிய வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது மூன்று விஷயங்கள். 20 நிமிடத்தில் முடிய வேண்டும். சூடான பசையோ கூர்மையான கத்தியோ பிள்ளையின் கைக்கு வரக்கூடாது. முடிந்த பொருளை அது போட்டுக்கொள்ளவோ, தூக்கிக்கொண்டு நடக்கவோ, வீட்டில் மாட்டவோ முடிய வேண்டும். வயதைப் பார்த்து மூன்று வேலைகளைச் சொல்கிறேன். இரண்டாவது என் விருப்பம், அதையே விரிவாகச் சொல்வேன்.

*3 வயதுக்கு: பூவிதழ்ச் சன்னல்.* பாடநூலுக்கு அட்டை போட வாங்குவோமே, பின்பக்கம் ஒட்டும் பிளாஸ்டிக் தாள், அதுதான் இதற்கு மூலப்பொருள். மணிலா அட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டமோ மயில் வடிவமோ வெட்டி எடுத்துவிடுங்கள். துளைக்குப் பின்னால் அந்தத் தாளை ஒட்டினால், ஒட்டும் பக்கம் சன்னல் வழியே முன்னால் தெரியும். பிள்ளை அதில் இதழ்களை ஒவ்வொன்றாக வைக்க வேண்டியதுதான். பசை இல்லை, காயும் நேரம் இல்லை. சாமந்தி, ரோஜா இதழ்களைப் பூமாலை கட்டும் கடையில் கேட்டால் உதிரிப்பூவாகவே தருவார்கள். வீட்டுச் செம்பருத்தியையும் பயன்படுத்தலாம், ஆனால் அதன் இதழ் சீக்கிரம் நசுங்கிச் சாறு விடும். முடிந்ததும் மேலே இன்னொரு தாள் ஒட்டி மூடிவிடுங்கள். சில நாளில் இதழ் பழுப்பாகும், அதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடலாம்.

*4 முதல் 6 வயதுக்கு: ரப்பர் இலை அச்சுப் பை.* ரப்பர் இலை ஒரு காம்பில் மூன்று இலைகளாக வரும். அடிப்பக்கத்தில் நரம்பு நன்றாகப் புடைத்திருக்கும். வண்ணம் தடவி அழுத்தினால் நரம்பு நரம்பாகப் பதிந்துவிடும். வரையத் தெரியாத பிள்ளைக்கும் நல்ல படம் கிடைக்கும். இது ஒன்றுக்காகவே இந்த வேலை எனக்குப் பிடிக்கும். பழுப்புக் காகிதப் பையில் அச்சு வைத்தால், அந்தப் பையே போகும்போது கொடுக்கும் பார்ட்டி பேக் ஆகிவிடும். தனியாக ஒன்று வாங்க வேண்டியதில்லை.

இலையை முதல் நாள் மாலையே பறித்துவிட வேண்டும். பறித்தவுடன் காம்பில் பால் வடியும். அது சட்டையில் பட்டுக் காய்ந்தால் கறை போகாது, தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள் வீட்டில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காம்பைப் பழைய துணியில் துடைத்து, பால் நின்றபின் நாளிதழ்த் தாளுக்குள் வரிசையாக அடுக்கி, மேலே அம்மிக்கல்லோ அரிசி மூட்டையோ வையுங்கள். மறுநாள் காலையில் இலை தட்டையாக இருக்கும். கரும்பச்சை முற்றிய இலையாகப் பாருங்கள். ஆண்டின் தொடக்க மாதங்களில் மரம் இலை உதிர்த்துப் புதுத் துளிர் விடும். செம்பு நிறத்தில் தொங்கும் அந்தத் துளிர் அச்சுக்கு நிற்காது. தோட்டத்துக்குள் நுழைய வேண்டாம், அது கம்பெனி நிலம், மருந்தடித்திருப்பார்கள், பாம்பும் உண்டு. சாலையோர மரமோ தெரிந்தவர் சின்னத் தோட்டமோ போதும், கேட்டுவிட்டுப் பறியுங்கள். ரப்பர் கிடைக்காவிட்டால் கொய்யா இலை நன்றாக வரும், அதன் நரம்பும் புடைத்ததே. ஒரு பிள்ளைக்கு 3 இலை கணக்கு வையுங்கள், கிழிவதற்கும் சேர்த்து.

வண்ணம் போஸ்டர் கலர், தண்ணீர் கலக்காமல் கெட்டியாக. தண்ணீர் சேர்ந்தால் நரம்பு பதியாது, வெறும் திட்டுதான் விழும். தூரிகையைவிடச் சின்னச் சதுரமாக வெட்டிய ஸ்பாஞ்ச் நல்லது. மூன்று வண்ணம் போதும். மஞ்சளும் நீலமும் சிவப்பும் கொடுத்தால் பச்சையையும் ஊதாவையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். துணிப்பையில் செய்வதாக இருந்தால் துணி வண்ணம் வேண்டும், அது காய்ந்தபின் சட்டையை விட்டுப் போகாது. 4 வயதுக்குக் காகிதப் பையே பாதுகாப்பு.

*6 வயதுக்கு மேல்: வண்ண அரிசிக் கோலம்.* தீபாவளி சமயம் கடைத்தொகுதிகளில் பெரிதாகப் போடுவார்களே, அதையே 20 சென்டிமீட்டர் சதுர அட்டையில் சின்னதாக. 8 பிள்ளைகளுக்கு 2 கிலோ மலிவான அரிசி தாராளம். 5 வண்ணமாகப் பிரித்தால் வண்ணத்துக்கு 400 கிராம், அதாவது ஏறக்குறைய 2 கப். ஒரு பிளாஸ்டிக் பையில் அரிசியைப் போட்டு, ஒரு தேக்கரண்டி உணவு வண்ணமும் 2 தேக்கரண்டி வினிகரும் விட்டு, வாயை இறுக்கிப் பிடித்துக் குலுக்குங்கள். வினிகர் வண்ணம் அரிசியில் நன்றாகப் பிடிக்க உதவும். தாம்பாளத்தில் பரப்பி ஓர் இரவு மின்விசிறிக்கு அடியில் விட்டால் காய்ந்துவிடும். காயாமல் டப்பாவில் அடைத்தால் பூசணம் பிடிக்கும். அட்டையில் கோட்டை மட்டும் நீங்கள் வரைந்து கொடுங்கள். ஒரு இதழுக்குப் பசை தடவி, அரிசி தூவி, தட்டிவிட்டு, அப்புறம் அடுத்த இதழ். முழு அட்டைக்கும் ஒரே நேரத்தில் பசை தடவும் பிள்ளை கட்டாயம் இருக்கும், அந்தப் பிள்ளை பக்கத்தில் ஒரு பெரியவர் உட்காரட்டும்.

அரிசியைத் தரையில் கொட்டி விளையாடுவதா என்று வீட்டில் பெரியவர்கள் முகம் சுளித்தால், அந்த வருத்தம் நியாயமானதுதான். வண்டு விழுந்த பழைய அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது கல் உப்புக்கு வண்ணமேற்றுங்கள்.

சிலர் உப்பு மாவு பொம்மை சொல்வார்கள். நம் ஈரக் காற்றில் அது காய்வதற்குள் அடுத்த பிறந்தநாள் வந்துவிடும். காய்ந்தாலும் உப்பு மறுபடி ஈரம் இழுத்து வியர்க்கும். வேண்டாம். வாவ் பட்டமும் அப்படித்தான், பார்க்க அழகு, குச்சி கட்ட சின்ன விரலால் முடியாது.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. வீட்டில் தென்னோலையில் கிளியோ கைக்கடிகாரமோ பின்னத் தெரிந்த தாத்தா பாட்டி இருந்தால், மற்றதை விட்டுவிட்டு அவரை உட்கார வையுங்கள். ஓலையை ஈர்க்கு நீக்கி, அகலம் பார்த்து வெட்டி, முதல் மடிப்பு வரை போட்டு வைத்துவிட்டால் மிச்சத்தைப் பிள்ளைகள் அவர் கையைப் பார்த்தே முடிப்பார்கள்.

பொருளும் பாதுகாப்பும்

வாங்க வேண்டியது கொஞ்சமே. மிஸ்டர் டிஐஒய் போன்ற கடையிலோ ஒரே விலைக் கடையிலோ முனை மழுங்கிய கத்தரிக்கோல், ஸ்பாஞ்ச், காகிதப் பை, மணிலா அட்டை எல்லாம் கிடைக்கும். கத்தரிக்கோல் இரண்டு பிள்ளைக்கு ஒன்று. வெள்ளைப் பசையைக் குப்பியோடு கொடுக்காதீர்கள். சோயா சாஸ் ஊற்றும் சின்னத் தட்டில் ஒரு கரண்டி ஊற்றி, காது குடையும் பஞ்சுக்குச்சியை வையுங்கள். கிளிட்டர் வாங்கவே வேண்டாம். தீபாவளிக்கு வீடு கழுவும்போதுகூட அது கிடைக்கும்.

3 வயதுக்குக் கீழே உள்ள தம்பி தங்கைகள் நிச்சயம் நடுவில் புகுவார்கள். டாய்லெட் காகித உருளையின் உள்குழாய்க்குள் நுழையும் எதுவும் அவர்கள் கைக்கு எட்டக்கூடாது. மணி, பொத்தான், ஒட்டும் பொம்மைக் கண் எல்லாம் அந்த வகை. பலூன் வெடித்ததும் துண்டுகளை உடனே பொறுக்குங்கள், அதைச் சப்பி மூச்சடைத்துப்போகும் ஆபத்து 8 வயது வரைகூட உண்டு.

தோட்டத்து ஊரில் தனியாகச் சொல்ல வேண்டியது விதைகள். ரப்பர் கொட்டையின் மேல் கோலம் பார்த்துப் பிள்ளைகள் பொறுக்கி வருவார்கள். பச்சைப் பருப்பில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது, கடித்துப் பார்க்க விடக்கூடாது. முழுக்கச் சிவப்பாக இருக்கும் சாகா மணியையும், கறுப்புக் கண் வைத்த குன்றிமணியையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். குன்றிமணி கடும் நஞ்சு. ஓடு உடைந்தால் ஒரு மணிகூட ஆபத்து. கைவேலைக்கு அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம்.

அழைப்பு

இரண்டு வாரத்துக்கு முன் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வகுப்புக் குழுவில் போடாமல் தனித்தனியாக. குழுவில் போட்டால் 8 பேர் கணக்கு அன்றே போச்சு. இப்படி எழுதலாம்:

“வணக்கம். எங்கள் செல்லத்துக்கு 5 வயது ஆகிறது. சனிக்கிழமை காலை 10 முதல் 12.30 வரை வீட்டில் பிள்ளைகளுக்குக் கைவேலை வைத்திருக்கிறோம். வண்ணம் படும், பழைய சட்டை போட்டு அனுப்புங்கள். தம்பி தங்கை கூட வருவதாக இருந்தால் வயதோடு சொல்லுங்கள், அவர்களுக்கும் பொருள் எடுத்து வைக்கிறோம். கடலை, முட்டை, பால் ஏதாவது ஒத்துக்கொள்ளாது என்றால் மறக்காமல் தெரிவியுங்கள். மாலை 6.30க்கு விருந்து, குடும்பத்தோடு வாருங்கள்.”

முடியும் நேரத்தைக் கட்டாயம் எழுதுங்கள். தம்பி தங்கை வரியும் முக்கியம், கேட்டால்தான் சொல்வார்கள், கேட்காவிட்டால் வாசலில் வந்து நிற்பார்கள்.

ஒரு வாரம் முன்னால்

உங்கள் பிள்ளையோடு ஒரு முறை முழுக்கச் செய்து பாருங்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. வீட்டில் 15 நிமிடம் எடுத்தால் கூட்டத்தில் 25 நிமிடம் ஆகும். பிள்ளை எந்த இடத்தில் “அம்மா, முடியல” என்கிறதோ அந்த இடம்வரை நீங்கள் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும். மிச்சத்தை அதனிடமே விட வேண்டும். இந்த எல்லைக்கோட்டைச் சரியாகப் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் நாள் இரவு தாப்பாவ் டப்பாக்களை எடுங்கள், மூடியோடு கூடிய சதுரமான பிளாஸ்டிக் டப்பா. டப்பாவுக்கு ஒரு பிள்ளை. உள்ளே பை ஒன்று, ஸ்பாஞ்ச் மூன்று, ஈரத் துணி ஒன்று. மூடியில் பிள்ளையின் பெயர். பெயரைத் தமிழில் பெரிதாக எழுதுங்கள். பாலர் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் பெயரை அடையாளம் கண்டு ஓடிவந்து உட்காருவார்கள், யார் எங்கே என்ற சண்டை வராது. மலாய் நண்பரின் பிள்ளைக்கு ரூமியில், அதாவது ரோமன் எழுத்தில், எழுதுங்கள். பெயர் இல்லாத டப்பா இரண்டு ஓரமாக இருக்கட்டும். இலைகளை மட்டும் காலையில் தாளுக்குள்ளிருந்து எடுத்து வையுங்கள்.

இடம்

காரை வெளியே எடுத்து, எண்ணெய்க் கறை இருந்தால் முதல் நாளே கழுவிவிட்டு, தார்ப்பாய் விரியுங்கள். அதன்மேல் பாய். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தே நன்றாக வேலை செய்வார்கள். நாற்காலி போட்டால் கால் தொங்கும், ஆட்டிக்கொண்டே இருப்பார்கள், வண்ணம் கவிழும். மின்விசிறி தாளைப் பறக்கடிக்கும், அரிசியையும் கிளறும், அதனால் மேலே பார்த்து ஊதும்படி திருப்பி வையுங்கள். பூந்தொட்டித் தட்டிலும் வாளியிலும் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசு கடிப்பது பகலில்தான்.

கை கழுவ இரண்டு வாளி. முதல் வாளியில் வண்ணம் போகும், இரண்டாவதில் சோப்பு. குளியலறைக்கு வரிசையாக அனுப்பினால் சுவரெல்லாம் கை அச்சு விழும். காயப்போட துணிக்கொடியும் கிளிப்பும் தயார் செய்யுங்கள். சாரல் அடித்தால் இறக்கிக் கட்ட ஒரு கன்வாஸ் மடித்து வைத்திருங்கள்.

அன்று காலை

10 மணி என்று எழுதியிருந்தால் 10.20 வரை வந்துகொண்டே இருப்பார்கள். இந்த இடைவெளிக்குத்தான் அந்தச் சின்ன வேலை. மணிலா அட்டையில் நான்கு விரல் அகலத்துக்கு நீளப் பட்டைகள் வெட்டி வையுங்கள். அதில் ஸ்டிக்கரோ கிரேயான் கோடோ போட்டு, தலையைச் சுற்றி அளந்து செலோடேப் ஒட்டினால் கிரீடம். இந்த வயதுப் பிள்ளைகளின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். ஸ்டேப்ளர் வேண்டாம், முள் முடியில் சிக்கும். சீக்கிரம் வந்த பிள்ளை இரண்டு கிரீடம் செய்யட்டும், தாமதமாக வந்த பிள்ளைக்கு ஒன்று தலையில் வைத்துவிடலாம்.

10.30க்கு எல்லாரையும் பாயில் உட்கார வைத்து, ஒரே ஒரு இலையை எடுத்து நீங்களே அச்சு வைத்துக் காட்டுங்கள். பேச்சைக் குறையுங்கள், கையைக் காட்டுங்கள். “அடிப்பக்கம் தடவு. கவிழ்த்து வை. மேலே தாள். உள்ளங்கையால் அழுத்து. பத்து வரை எண்ணு. காம்பைப் பிடித்துத் தூக்கு.” ‘பத்து வரை எண்ணு’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது, எண்ணும் நேரத்தில் கை அசையாது. தூக்கியதும் நரம்புக் கோடு தெரியும்போது எல்லாரும் ‘ஆ’ என்பார்கள். உடனே உங்கள் மாதிரியை எடுத்து மறைத்துவிடுங்கள். கண்முன் இருந்தால் “என்னுடையது அது மாதிரி வரல” என்று அழுகை தொடங்கும்.

இனி அம்மாக்களைப் பற்றி. பிள்ளையின் கையைப் பிடித்து, “இப்படி வைம்மா, நேரா வை” என்று முழுப் பையையும் தாங்களே அச்சடித்துவிடுவார்கள். தவறாக நினைத்துச் செய்வதில்லை, பழக்கம். நேரே “விடுங்கள் அக்கா” என்று சொன்னால் முகம் வாடும். அதற்குப் பதில் ஆளுக்கொரு வேலை கொடுங்கள். ஒருவர் கறிபாப் பொரிக்கட்டும், ஒருவர் கை கழுவும் வாளியைப் பார்க்கட்டும், ஒருவர் காய்ந்த பைகளைக் கொடியில் மாட்டட்டும், ஒருவர் படம் எடுக்கட்டும். சமையற்கட்டில் கூப்பிட்டால் போகாத அம்மா எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. கோணலாக விழுந்த அச்சைத் திருத்த வேண்டாம். பெரியவர் கை பட்ட பை எது என்று வரிசையாக மாட்டும்போது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

வேகமாக முடித்த பிள்ளைக்குக் கிரேயான் கொடுத்து, அச்சான இலையைப் பட்டாம்பூச்சியாகவோ மீனாகவோ மாற்றச் சொல்லுங்கள். மூன்று இலைக் கொத்தில் பல பிள்ளைகளுக்கு மயிலின் கால் தெரியும், உங்களுக்கு என்ன தெரிகிறதோ அதைச் சொல்லாமல் இருங்கள். கையில் வண்ணம் படுவது பிடிக்காமல் ஒதுங்கும் பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். இலையைத் தேர்ந்து கொடுக்கும் வேலையை அதற்குக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் தானாக உட்காரும். பிறந்தநாள் பிள்ளைதான் பெரும்பாலும் முதலில் முறுக்கிக்கொள்ளும். எல்லாம் தன்னுடையது என்று நினைத்திருக்கும், வண்ணத்தைப் பங்கு போட வேண்டியிருக்கிறது. அதன் டப்பாவில் யாருக்கும் இல்லாத ஒரு வண்ணம் வைத்துவிடுங்கள்.

11 மணிக்கு மேல் இழுக்காதீர்கள். கை கழுவல் 10 நிமிடம், அப்புறம் காலை நீட்டி ஓட ஏதாவது ஒரு விளையாட்டு. நொண்டி போதும். அந்த நேரத்தில் பைகள் காயும்.

தீனி

கைவேலைக்குப் பிறகே சாப்பாடு, ஒருபோதும் கூடவே இல்லை. எண்ணெய்க் கை பட்ட காகிதத்தில் வண்ணம் ஒட்டாது. கறிபாப், பொரித்த மீஹூன், உளுந்து வடை, வெட்டிய பழம். குடிக்க மைலோ. சிவப்புச் சிரப்பை மாலைக்கு வையுங்கள், வெளுத்த சட்டையில் பட்டால் போஸ்டர் கலரைவிட மோசம்.

முஸ்லிம் பிள்ளைகள் வருவார்கள் என்றால் காலைத் தீனியைச் சைவமாகவே வைத்துவிடுவது எல்லாருக்கும் நிம்மதி. கேக்கை ஹலால் சான்று உள்ள கடையில் வாங்குங்கள், காகிதத் தட்டில் பரிமாறுங்கள். ஜெல்லி செய்வதாக இருந்தால் ஜெலட்டின் வேண்டாம், அகார் அகார் கடற்பாசியில் செய்வது, சைவக்காரருக்கும் அவர்களுக்கும் ஆகும். வாயில் உறிஞ்சும் சின்னக் கப் ஜெல்லியை மட்டும் இந்த வயதுக்குக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள்.

காலைப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் கேக் தனியாக இருந்தால் நல்லது. பெரிய கேக்கைக் காட்டி “சாயங்காலம்தான்” என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் ஏற்காது.

அனுப்பிவைத்தலும் கழுவுதலும்

12 மணிக்கு அவரவர் பையைக் கொடியிலிருந்து இறக்கிக் கொடுத்து, உள்ளே போட வேண்டியதைப் பிள்ளையையே எடுத்துப் போடச் சொல்லுங்கள். ஒரு முறுக்குப் பொட்டலம், ஒரு பென்சில், கிரேயான் ஒரு டப்பா. பிளாஸ்டிக் விசில் வாங்கிப் போடாதீர்கள், மற்ற அம்மாக்கள் உங்களை மறக்கமாட்டார்கள். அரிசிக் கோலம் செய்திருந்தால் பசை காய இன்னும் சில மணி நேரம் ஆகும், பழைய பீட்சா பெட்டியில் தட்டையாக வைத்து அனுப்புங்கள், எறும்பு வராத இடத்தில் மாட்டச் சொல்லுங்கள்.

தரையில் சிந்திய அரிசியை முதலில் உலர்ந்த துடைப்பத்தால் கூட்டுங்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் அரிசி ஊறிச் சாக்கடையை அடைக்கும், சிமெண்டிலும் வண்ணம் இறங்கும். போஸ்டர் கலர் பட்ட துணியைக் காய்வதற்குள் பச்சைத் தண்ணீரில் அலசினால் பெரும்பாலும் போய்விடும். மிஞ்சிய வண்ண அரிசி நன்றாகக் காய்ந்திருந்தால் இறுக்கமான டப்பாவில் தீபாவளி வரை இருக்கும், வாசல் கோலத்துக்கு ஆகும்.

படங்களைப் பெற்றோருக்குத் தனித்தனியாக அனுப்புங்கள். பொதுவில் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். அதோடு, வாசலில் மிஞ்சிக் கிடக்கும் செருப்புகளையும் ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். இரண்டு பிள்ளைகளாவது மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள், மாலை விருந்துக்கு வரும்போது கொண்டுவருவார்கள்.